அவையச்சமும் அங்கத்தினர் கடமையும்

ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை விதி. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே பங்கு வைத்திருப்பவருக்கும் பேரவையில் சம உரிமை உண்டு. இங்கிலாந்து தேசத்தின் ராச்டேல் நகரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, சிறியதொரு பண்டசாலையைத் திறந்த முன்னோடிகள் இந்த நெறியை நிலைநாட்டிச் சென்றார்கள். அவர்களிற் பலர் நெசவுத் தொழில் செய்தவர்கள் என்பதை எண்ணும்போது நம் நெசவாளர் சங்கத்தாருக்குத் தனியானதொரு பெருமிதம் தோன்றுவது இயல்பே.

ஆனால் வாக்குரிமை இருப்பது மட்டும் போதுமா? சட்டம் வாக்குரிமையை அளித்துவிடும். சபையில் எழுந்து நின்று தம் மனத்திலுள்ளதைச் சொல்லும் துணிவை எந்தச் சட்டத்தாலும் அளிக்க இயலாது. அதை அங்கத்தினர்களே ஒருவர்க்கொருவர் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

கூட்டுறவு ஆய்வாளர் என்ற முறையில் நாம் பல சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க நேருகிறது. ஆண்டறிக்கை படிக்கப்பட்டது, ஏகமனதாக ஏற்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கு வைக்கப்பட்டது, ஏகமனதாக ஏற்கப்பட்டது. தணிக்கைக் குறைகளுக்கான விளக்கம் வைக்கப்பட்டது, அதுவும் ஏகமனதாகவே. இருநூறு பேர் கூடியிருந்ததாகக் கையொப்பங்கள் காட்டுகின்றன. ஆனால் இருநூறு பேரில் ஒருவராவது ஒரு கேள்வி கேட்டதாகக் குறிப்பு இல்லை. இத்தகைய பக்கங்களைப் படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாவதில்லை. இருநூறு குடும்பங்களின் தொழிலும் பணமும் கலந்த ஓர் அமைப்பில் ஆண்டு முழுவதும் எவருக்கும் எந்த ஐயமும் எழவில்லை என்பதை நம்புவது கடினம். ஏகமனம் என்று எழுதப்பட்டது பெரும்பாலும் மௌனமே.

அங்கத்தினர்களுக்குப் பேச விஷயம் இல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். கூட்டம் முடிந்து, தேநீர் அருந்தி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் பேச்சு பொங்கி வழிகிறது. விவசாயக் கடன் சங்கத்து வாசலில் ஒருவர் சொல்கிறார்: "நடவு முடிந்து பதினைந்து நாள் கழித்து டி.ஏ.பி. வந்தது, அடியுரத்தை அப்போது நான் எங்கே போய் இடுவது?" நெசவாளர் சங்கத்து வாசலில் மற்றொருவர் சொல்கிறார்: "இம்முறை கொடுத்த நூலில் சிட்டம் குறைகிறது, ஊடைக்கு நூல் போதாமல் கைக்காசு போட்டு வாங்கினேன்." இவை வீண் முணுமுணுப்புகள் அல்ல. உரக் கோரிக்கையை ஒரு மாதம் முன்னதாக அனுப்பினால் முதற் குறை தீரும். நூற்கட்டு வந்தவுடன் அளந்து பார்த்தால் இரண்டாவது குறை தீரும். சபையில் சொல்லியிருந்தால் தீர்மானமாகியிருக்கும். வாசலிற் சொன்னதால் காற்றோடு போயிற்று. அடுத்த ஆண்டும் உரம் பிந்தி வருகிறது, சிட்டம் குறைகிறது.

வாசலிற் பேசும் வாய் சபையில் ஏன் அடைத்துப் போகிறது? அறியாமையே காரணம் என்று சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. மேலே கூறிய இருவரும் தத்தம் விஷயத்தில் அதிகாரிகளைக் காட்டிலும் அதிகம் அறிந்தவர்கள். அவர்களைத் தடுப்பது அவையச்சம். எழுந்து நின்றதும் தொண்டை வறளுகிறது, கைகால் நடுங்குகிறது, இருநூறு பேரின் கண்களும் தம்மையே நோக்குவதாகத் தோன்றுகிறது, சொல்ல நினைத்த முதல் வாக்கியமே மறந்துபோகிறது. இது படித்தவர் படியாதவர் எல்லாருக்கும் பொது. திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை, இருபது குறட்பாக்களை, இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறார் என்றால், இந்த அச்சம் எவ்வளவு பழமையானது என்பதை உணரலாம்.

இயல்பான அச்சத்தோடு வேறோர் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. நெசவாளருக்குப் பாவும் நூலும் சங்கம் தர வேண்டும். கூலியும் சங்கத்தின் வழியே வர வேண்டும். பயிரிடுவோருக்குக் கடன் சங்கத்திலிருந்து கிடைக்க வேண்டும். "இன்று சபையில் கேள்வி கேட்டால் நாளைக்குப் பாவு பிந்துமோ, கடன் மனுவில் குறை காண்பார்களோ" என்ற எண்ணம் உள்ளே நின்று தடுக்கிறது. தவணை பாக்கியுள்ளவர் அந்த வெட்கத்தினாலேயே வாய் திறப்பதில்லை. பெண் அங்கத்தினர்களோ, தறியிலும் வயலிலும் பெரும் பங்கு வேலை செய்தாலும், கடைசி வரிசையில் அமர்ந்து கையொப்பமிட்டுச் செல்கின்றனர். தனியாக எழுந்து நிற்பவருக்குத்தான் இந்த அச்சங்கள் முழு வலிமையோடு தாக்குகின்றன. பலராகச் சேர்ந்து நிற்பவருக்கு அவற்றின் வேகம் தணிந்துவிடுகிறது.

அவையச்சம் உடையவர் பொதுக் காரியத்துக்கு உதவார் என்று எண்ணுவோருக்குக் காந்தியடிகளின் இளமைக் கால வரலாறே போதிய மறுமொழி. 1888 முதல் 1891 வரை அவர் லண்டனில் சட்டம் பயின்றபோது, அங்குள்ள சைவ உணவினர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அங்கம் வகித்தார். கூட்டங்களுக்குத் தவறாமற் சென்றாலும் வாய் திறந்ததில்லை. அந்நாளில், குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்த டாக்டர் ஆலின்ஸன் என்பவரைச் சங்கத்திலிருந்து விலக்க வேண்டுமென்று தலைவர் ஹில்ஸ் முனைந்தார். டாக்டரின் கொள்கை காந்தியடிகளுக்கும் உடன்பாடானதன்று. எனினும், சைவ உணவைப் பரப்புவதே நோக்கமாகக் கொண்ட சங்கத்திலிருந்து வேறொரு கருத்துக்காக ஒருவரை நீக்குவது முறையன்று என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து பேசத் துணிவு வரவில்லை. தம் கருத்தை எழுதிக்கொண்டு சென்றார். அதைப் படிக்கவும் அவரால் இயலவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். டாக்டர் ஆலின்ஸன் தோல்வியடைந்தார். ஆயினும் நியாயமான பக்கத்தில் நின்றோம் என்ற நிறைவு காந்தியடிகளுக்கு இருந்தது.

வெண்ட்னர் என்னும் ஊரிலும் இப்படியே நேர்ந்தது. ஒரு தாளுக்குள் அடங்கும் சிறு உரையை எழுதி வைத்திருந்தும், எழுந்ததும் கண் மங்கி உடல் நடுங்க, உடன் வந்த நண்பர் மஜும்தார் அதைப் படிக்க நேர்ந்தது. தாயகம் திரும்பிப் பம்பாயில் முதல் வழக்குக்கு நின்றபோதும் நாவெழாமல் அமர்ந்துவிட்டார். அவரே 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி, வாணிபத்தில் வாய்மை என்ற பொருள் பற்றிப் பேசினார். அதுவே தமது முதற் பொதுச் சொற்பொழிவு எனலாம் என்று தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். பேச வேண்டிய பொருளை அன்று அவர் நன்கு சிந்தித்து வந்திருந்தார். கேட்போரின் அன்றாடத் தொழிலைப் பற்றியே பேசினார். தம் கூச்சத்தால் விளைந்த நன்மையாக, சொற்களை அளந்து பேசும் பழக்கத்தைப் பிற்காலத்தில் அவர் எடுத்துக் கூறியதும் உண்டு.

இதிலிருந்து நம் சங்கங்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. லண்டன் குழுவில் அந்த இளைஞர் எழுதி வந்ததை வேறொருவர் வாயிலாகவேனும் படிக்க வைத்தார்கள். "பேசத் தெரியாதவருக்கு இங்கு என்ன வேலை?" என்று எவரும் கேட்கவில்லை. கருத்து ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்ற ஏற்பாட்டுக்கு அந்தச் சபை இடங்கொடுத்தது. நம் சபைகளும் இடங்கொடுக்க வேண்டும். அதற்கு நாம் கூறும் வழி, குழுவாகச் சேர்ந்து எடுத்துரைப்பது.

அங்கத்தினர் கல்வி வகுப்பு ஒன்றில் இம்முறையை நாம் கண்ணாரக் கண்டோம். வந்திருந்தவர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் சங்கத்தின் ஓர் ஆண்டு வேலையைக் கால்மணி நேரத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். நெசவாளர் குழு ஒன்றில் நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார் இருந்தார். முதல் நாள் முழுவதும், "எனக்கு வேண்டாம் ஐயா, மற்றவர்கள் பேசட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று மன்றாடினார். குழுவினர் அவரை விடவில்லை. ஒரு சேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு நூல், எவ்வளவு கூலி என்ற கணக்கை மட்டும் அவரிடம் ஒப்படைத்தனர். மறுநாள் அவர் எழுந்தபோது முதல் இரண்டு வாக்கியங்கள் எவர் காதிலும் விழவில்லை. பிறகு கையிலிருந்த சேலையை விரித்து உடலையும் முந்தியையும் தொட்டுக் காட்டத் தொடங்கினார். குரல் தானே உயர்ந்தது. பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் வீட்டார் செய்யும் வேலைக்குக் கூலிக் கணக்கில் இடமே இல்லை என்பதை அவர் சொல்லியபோது வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. மற்ற நால்வரும் சரளமாகவே பேசினார்கள். ஆனால் வகுப்பு கலைந்த பின்னும் எல்லாரும் எடுத்துப் பேசியது அந்த அம்மையார் சொன்ன கணக்கைத்தான்.

அவர் தனியாக நின்றிருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அவர் பேசாமல் மற்ற நால்வர் மட்டும் பேசியிருந்தால் அந்தக் கணக்கு வெளிவந்திருக்காது. குழுவின் பயன் இதுதான்.

நெசவாளருக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை. விடியற்காலையில் தெருவில் பாவை நீள விரித்துக் கஞ்சியிட்டுத் தோயும்போது ஒருவர் மட்டும் வேலை செய்து முடிக்க இயலுமா? ஒருவர் முனையைப் பிடிக்க, ஒருவர் கஞ்சி தடவ, ஒருவர் அறுந்த இழையை முடிய, பலர் கை கூடினால்தான் பாவு உருவாகிறது. நடவுக்கு இறங்கும் வயலிலும் அப்படியே. கையால் செய்யும் வேலையிற் கூடி நிற்கும் நாம், வாயால் செய்யும் வேலையில் மட்டும் ஒருவரையே தனியே நிறுத்துவது ஏன்?

ஆண்டுப் பேரவையில் அறிக்கை முழுவதையும் காரியதரிசி ஒருவரே ஒரே மூச்சாகப் படிக்கும் வழக்கத்தை மாற்றலாம் என்பது நம் யோசனை. நிர்வாகக் குழு பொறுப்பிலிருப்பினும், தனி அலுவலர் பொறுப்பிலிருப்பினும் இதைச் செய்யலாம். கணக்கு, தணிக்கை ஆகியவற்றைக் காரியதரிசியே கூறட்டும். நெசவாளர் சங்கத்தில் நூல் கொள்முதல், உற்பத்தி, கூலி, விற்பனையும் தேக்கமும் என நான்கு பகுதிகளையும், விவசாயக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன், உரமும் விதையும், நகைக்கடன், வசூல் என நான்கு பகுதிகளையும் அங்கத்தினர்களில் நால்வர் அல்லது ஐவர் எடுத்துரைக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் வரட்டும். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாகவும், ஒருவரேனும் இதுவரை சபையில் வாய் திறவாதவராகவும் இருக்கட்டும்.

இதைச் செம்மையாகச் செய்வதற்கான சில முறைகளையும் கூறுகிறோம்.

முதலாவது, பகுதிகளை அவரவர் அறிவுக்கேற்பப் பிரிக்க வேண்டும். உரம் வாங்கி இடுபவர் உரத்தைப் பற்றிப் பேசட்டும். தாம் அன்றாடம் கையாளும் பொருளைப் பற்றிப் பேசுகிறவருக்குப் பாதி அச்சம் அப்போதே நீங்கிவிடும். அச்சம் மிகுந்தவருக்குச் சிறிய பகுதியைத் தரலாம். ஆனால் சாரமற்ற பகுதியைத் தரலாகாது. "வந்தோரை வரவேற்கிறேன்" என்று சொல்லி அமர்வதற்கு மட்டும் ஒருவரை நிறுத்துவது அவரை மதிப்பதாகாது.

இரண்டாவது, கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். நூற்சிட்டமோ, உரப் பற்றுச்சீட்டோ, சங்கத்துக் கணக்குப் புத்தகமோ எதுவாயினும் சரி. நடுங்கும் கைக்கு வேலை கிடைக்கிறது. சபையின் கண்ணும் பேசுபவர் முகத்தை விட்டு அப்பொருளுக்குச் செல்கிறது. சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம் என்பது பருத்தி நூலின் அளவு. 40-ஆம் நம்பர் நூலானால் அத்தகைய 40 சிட்டங்கள் ஒரு ராத்தல் எடை நிற்கும். குறை சொல்ல வந்தவர் ஒரு சிட்டத்தைக் கையோடு கொண்டுவந்து சபையிலேயே அளந்து காட்டினால் நீண்ட பேச்சே தேவையில்லை.

மூன்றாவது, எழுதிக்கொண்டு வருவதில் இழிவில்லை. எனினும் முழுவதையும் எழுதி, தலை நிமிராமற் படிப்பதைக் காட்டிலும், முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் எண்களையும் மட்டும் எழுதிக்கொள்வது நலம். நடுவிலுள்ளதை நாவே அறியும். எழுதப் படிக்க இயலாதவர் குழுவினர் ஒருவரிடம் சொல்லி எழுதுவித்து, அவரைக் கொண்டு படிக்கச் செய்யலாம்.

நான்காவது, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதுபோல், "நூல் வந்த விதத்தைச் சொன்னேன், அதைக் கொண்டு என்ன நெய்தோம் என்பதை அடுத்தவர் சொல்வார்" என்று முடித்துக் கொடுத்தால், தொடங்குபவருக்கு முதல் அடி எளிதாகிறது. இதற்காகக் கூட்டத்துக்கு முன் ஒரு முறையேனும், கூடுமானால் கூட்டம் நடக்கும் அதே இடத்தில், குழுவினர் கூடிப் பேசிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒருவர் தடுமாறினால் மற்றவர் கடமை என்ன என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். அருகில் நிற்பவர் அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுக்கலாம். ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கலாம். பேச்சைப் பறித்துக்கொள்ளலாகாது. பறிக்கப்பட்டவர் அதன்பின் ஒருபோதும் எழமாட்டார். அதுபோலவே, குழுவில் வாய்வல்லவர் ஒருவர் இருந்தால் எல்லாவற்றையும் தாமே பேசிவிட்டு மற்றவர்களைத் தூண்களாக நிறுத்தி வைக்கும் அபாயம் உண்டு. அது பழைய வழக்கத்தையே ஐந்து பேரை நிறுத்திச் செய்வதாகும்.

தலைமை வகிப்போருக்கும் கேட்போருக்கும் பொறுப்பு உண்டு. தலைமை வகிப்பவர் அவசரப்படுத்தலாகாது. சபையில் சிரிப்பு எழுந்தால் உடனே அடக்க வேண்டும். சபையில் கேள்வி கேட்டதற்காக எந்த அங்கத்தினருடைய பாவும் கடனும் ஒரு நாளும் தாமதப்படாது என்ற உறுதியைத் தொடக்கத்திலேயே எல்லார் முன்னிலையிலும் கூறி, அதைத் தீர்மானப் புத்தகத்திலும் பதிவு செய்யலாம். ஆய்வாளர்களாகிய நாம் புத்தகத்தைப் பார்க்கும்போது அந்த உறுதி காக்கப்பட்டதா என்பதைக் கேட்டறியவும் வழி பிறக்கும்.

இந்த யோசனைக்குத் தடைகளும் கூறப்படுகின்றன. நேரம் மிகுதியாகும் என்பர். உண்மைதான், அரைமணி அதிகமாகலாம். ஆண்டுக்கு ஒரு முறை அந்த அரைமணியைச் சேமித்து, ஆண்டு முழுவதும் வாசலில் நின்று முணுமுணுப்பதால் என்ன லாபம்? பிழையாக ஏதேனும் சொல்லிவிடுவார்கள் என்பர். சொன்னால் திருத்தலாம், சொல்லாத பிழையைத் திருத்துவது எப்படி? கூச்சமுள்ளவரை வற்புறுத்தி நிறுத்துவது கொடுமையல்லவா என்று கேட்பவரும் உண்டு. இது சிந்திக்கத்தக்க கேள்வி. மறுப்பவரை ஒருபோதும் கட்டாயப்படுத்தலாகாது. ஆனால் "வேண்டாம்" என்ற முதற் சொல்லோடு அவரை விட்டுவிடுவதும் நட்பாகாது. சிறு பகுதியும், பழகிய துணையும், ஒத்திகையும் தந்து மறுமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் மறுத்தால் அவர் கருத்தை எழுதி வாங்கிப் பிறர் படிக்கட்டும்.

அச்சம் முற்றும் நீங்கிய பின் பேசலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது முற்றும் நீங்குவதில்லை. பலமுறை மேடையேறியவர்களுக்கும் முதல் நிமிடத்தில் நெஞ்சு படபடக்கவே செய்கிறது. படபடப்போடு பேசிப் பழகுவதே வழி. முதல் ஆண்டு குழுவில் நின்று நான்கு வாக்கியம் பேசியவர், அடுத்த ஆண்டு தம் இடத்திலிருந்தே எழுந்து ஒரு கேள்வி கேட்பார்.

ராச்டேல் முன்னோடிகள் தங்கள் சங்கத்தில் படிப்பகம் அமைத்து, இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். நம் சங்கங்களும் தம் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன. அந்நிதியால் நடைபெறும் வகுப்புகளில், சொற்பொழிவு கேட்டுத் திரும்பும் நேரத்தைக் குறைத்து, அங்கத்தினர்கள் குழுவாகப் பேசிப் பழகும் நேரத்தைப் பெருக்கலாம்.

வரும் பேரவைக்கான அறிவிப்பு வந்ததும், ஒவ்வொரு சங்கத்திலும் நான்கைந்து அங்கத்தினர்கள் முன்வந்து, "இந்த ஆண்டு இன்ன பகுதியை நாங்கள் சொல்கிறோம்" என்று காரியதரிசியிடம் கேட்பார்களாக. காரியதரிசிகளும் மனமுவந்து இடங்கொடுப்பார்களாக. அடுத்த முறை தீர்மானப் புத்தகத்தைத் திறக்கும்போது, "இன்னார் இன்ன கேள்வி கேட்டார்; இன்ன பதில் கூறப்பட்டது; விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது" என்ற வரிகளைக் காண விரும்புகிறோம்.